ஒப்பந்தத்தில் ஒரு வரி

கணினிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று சொன்னால், "புரோகிராம் எல்லாம் எழுதுவீங்களா சார்?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு வரி புரோகிராம்கூட நான் எழுதியதில்லை. நான் எழுதியவை கோப்புக் குறிப்புகள், டெண்டர் ஆவணங்கள், ஒப்பந்தத்துக்கான இணைப்புகள். கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி, அதற்கு நிதிப் பிரிவின் ஒப்புதல் வாங்கி, கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகு, அவர் செய்து கொடுத்தது நாம் எழுதியதுதானா என்று பார்ப்பது. என் வேலைக்காலத்தின் பின்பாதி இதிலேயே போயிற்று.

இதில் சுவாரசியம் என்ன இருக்கப் போகிறது என்று என் வீட்டு அம்மாவே கேட்பாள். ஒரு கதை சொல்கிறேன்.

2000-களின் தொடக்கத்தில் எங்கள் துறையில் பயனாளிகள் பட்டியலைக் கணினியில் ஏற்ற முடிவானது. முதியோர், விதவையர், உழைக்க இயலாதோர் என்று மாதாமாதம் மணியார்டர் போகிற பட்டியல். தாலுகா ஆபீஸ்களில் பெரிய பெரிய லெட்ஜர்களில் இருந்த பெயர்களை டேட்டா என்ட்ரி செய்து கொடுக்க ஒரு கம்பெனி வந்தது. ஒப்பந்தத்தில் தமிழைப் பற்றி இருந்தது ஒரே வரி. மென்பொருளில் தமிழ் வசதி இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அந்தக் கோப்பு நான் அந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பே முடிந்துபோன கோப்பு.

கம்பெனிக்காரர் ஏமாற்றவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் வசதி இருந்தது. திரையில் தமிழ் தெரிந்தது, பிரிண்டரில் தமிழ் வந்தது. கலெக்டர் வந்து பார்த்து, பாராட்டிவிட்டுத்தான் போனார்.

உள்ளே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்துக் கணினி எழுத்துக்கு மொத்தம் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விடும். மீதி 128-க்குள் தமிழை அடைக்க வேண்டும். நமக்கோ 247 எழுத்து, கூடவே கிரந்தம். அதனால் எழுத்தை உடைத்துக் கொம்பு தனி, கால் தனி, சுழி தனி என்று துண்டு துண்டாக வைப்பார்கள். எந்தத் துண்டை எந்த எண்ணில் வைப்பது என்பது எழுத்துரு செய்தவரின் இஷ்டம். ஒரு கம்பெனியின் எழுத்துருவில் 'க' இருக்கும் எண்ணில் இன்னொரு கம்பெனியின் எழுத்துருவில் 'ழ' இருக்கும். 'கொ' என்று அடித்தால் முதலில் ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கும். அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னால், கொ, கெ எல்லாம் கொம்போடு கொம்பாக ஓரிடத்தில் போய் உட்காரும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மேலே புள்ளியும் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும்.

இதற்கு ஒரு தரம் வேண்டும் என்பது தமிழ்நாட்டு அரசுக்குத் தெரியாமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலேயே இதைப் பேசி, தமிழ்நெட் 99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் பரிந்துரைத்தார்கள். டாம் தமிழுக்கு மட்டும். டாப் ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுத. அதே ஆண்டில் அரசாணையும் வந்தது. ஆனால் அரசாணை ஒரு கோப்பில் இருக்கிறது, ஒப்பந்தம் இன்னொரு கோப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அந்த அரசாணையின் எண்ணைப் போடாத வரைக்கும் கம்பெனிக்காரரை அது கட்டுப்படுத்தாது. அவர் அதைப் படித்திருக்க வேண்டிய அவசியம்கூடக் கிடையாது. அரசு ஒரு தரத்தை அறிவித்துவிட்டால் ஊரே அதன்படி நடக்கும் என்று நினைப்பவர்கள் செயலகத்தில் இன்றும் இருக்கிறார்கள். அறிவித்த தரத்துக்கு உயிர் வருவது டெண்டர் ஆவணத்தில் அதன் எண் ஏறும்போதுதான்.

பல வருஷம் வண்டி ஓடியது. பிறகு மத்திய அரசு 2009-இல் இந்திய மொழிகளுக்கு யூனிகோடுதான் என்று மின்னாளுகைத் தரமாக அறிவித்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயம், தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. யூனிகோடு சரிவர இயங்காத இடங்களில் டேஸ் 16 என்ற முறையையும் வைத்துக்கொள்ளலாம் என்றது. எங்கள் பழைய ஒப்பந்தமும் முடிந்தது. புதிய கம்பெனி வந்தது. பழைய கம்பெனி தகவல்களை ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைத்தார்கள். ஒப்பந்தத்தில் மின்னணு வடிவில் தர வேண்டும் என்று இருந்தது, அதன்படியே சிடிக்களில் போட்டுக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள். எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ்த் துண்டு என்ற அட்டவணையைக் கேட்டோம். "அது எங்க எழுத்துருவோட சொத்து சார், அக்ரிமென்ட்ல அதக் குடுக்கணும்னு இல்லையே" என்றார் அந்தக் கம்பெனியின் மேலாளர். மரியாதையாகத்தான் சொன்னார். சட்டப்பிரிவில் கேட்டோம். அவர் சொல்வது சரி என்றார்கள்.

கடைசியில் எங்கள் பிரிவில் தற்காலிகமாக இருந்த ஒரு பையன்தான் காரியத்தை முடித்தான். 128 கட்டம் போட்ட தாளை அச்சடித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த உருவம் வருகிறது என்று பழைய கணினியில் பார்த்துப் பார்த்துக் கையாலேயே எழுதினான். பிறகு கொம்பை எழுத்துக்கு முன்னாலிருந்து பின்னால் தள்ளும் விதியை எழுதினான். மூன்று வாரம். அவனுக்கு எந்த அவார்டும் கிடைக்கவில்லை, ஒப்பந்தக் காலம் முடிந்து போய்விட்டான். இப்போது பெங்களூரில் நன்றாக இருக்கிறான் என்று கேள்வி.

தமிழ் வந்துவிட்டது என்று நாங்கள் மூச்சு விட்டபோதுதான் உண்மையான தொல்லை ஆரம்பம். மாற்றிய பட்டியலையும் வங்கி வழியாக வந்த இன்னொரு பட்டியலையும் ஒப்பிட்டு, பெயர் பொருந்தாதவர்களுக்குப் பணத்தை நிறுத்தி வைத்து விசாரிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. போலிப் பயனாளிகளைப் பிடிக்கத்தான். நியாயமான நோக்கம். நின்றுபோனவர்களில் ஒரு பாட்டி மூன்று மாதம் அலைந்துவிட்டு எங்கள் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். பெயர் 'கௌ' என்று தொடங்கும், முழுப் பெயர் இங்கே வேண்டாம்.

"எல்லாப் பேப்பர்லயும் ஒரே பேருதான்யா இருக்கு. நான் உசுரோட இருக்கறதுக்கு இன்னும் என்ன காட்டணும்?" என்றார்.

இரண்டு பட்டியலையும் எடுத்துப் பார்த்தோம். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். எங்கள் கண்காணிப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

கண்ணுக்கு ஒன்று. கணினிக்கு இரண்டு. கௌ என்பதை ஒருவர் க-வோடு ஔகாரக் குறி சேர்த்து அடித்திருக்கிறார். மற்றவர் கெ என்று அடித்துப் பக்கத்தில் ள என்ற எழுத்தைப் போட்டிருக்கிறார். தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் விழும். பழைய எழுத்துருவில் துண்டு துண்டாக அடித்துப் பழகியவர்களுக்கு இரண்டாவது முறைதான் கைக்கு வரும். கௌரி, கௌசல்யா, மௌனசாமி, சௌந்தரம், பௌர்ணமி என்று எத்தனை பேர். காலுக்குப் பதில் ர, ர-வுக்குப் பதில் கால் என்று இன்னொரு கூட்டம். சில எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். தவறு செய்தவர் யாரும் இல்லை, ஆனால் பாட்டிக்குப் பணம் நின்றுவிட்டது.

அப்படியானால் 'கெள' என்று வரும் இடத்தையெல்லாம் 'கௌ' என்று ஒரே அடியாக மாற்றிவிட வேண்டியதுதானே என்று ஒரு அதிகாரி கேட்டார். கெளுத்தி மீன் என்ன ஆவது? அது உண்மையிலேயே கெ, ளு, த், தி. இயந்திரத்திடம் விட்டால் கெளுத்தியும் சேர்ந்து மாறிவிடும். கிராமத்துப் பெயர்கள், பட்டப்பெயர்கள் எல்லாம் உள்ள பட்டியலில் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது. ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்த்தோம். பாட்டிக்கு நிலுவையோடு வந்து சேர்ந்தது.

அடுத்த ஒப்பந்தத்துக்குத் தொழில்நுட்ப இணைப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. தமிழ் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதினேன். இதைப் பார்த்து நிதிப் பிரிவில் ஒரு நண்பர், "சார், ஒரு வரில இருந்தத ரெண்டு பக்கமா ஆக்கிட்டீங்க. இப்படிப் போட்டா எவன் டெண்டர் போடுவான்?" என்றார். நாலு பேர் போட்டார்கள்.

ஆனால் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் வந்த ஒரு கேள்வியை மட்டும் சொல்ல வேண்டும். தகவல்கள் யூனிகோடில் சேமிக்கப்பட வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். ஒரு கம்பெனிப் பிரதிநிதி எழுந்து, "மென்பொருள் யூனிகோடை ஆதரிக்க வேண்டும் என்று மாற்றித் தர முடியுமா?" என்று கேட்டார். கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது பாருங்கள். ஆதரிக்கும் என்றால், யூனிகோடில் யாராவது அடித்தால் ஏற்றுக்கொள்ளும் என்று அர்த்தம். உள்ளே எதில் வைக்கிறது என்பது வேறு. பழைய ஒப்பந்தத்தின் 'தமிழ் வசதி' புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது. மாற்றவில்லை. மத்திய அரசின் தரத்திலும் சேமிப்புக்கான குறியீடு என்றே வகுத்திருந்தார்கள் என்பது அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது. அவர்கள் பதிப்பு எண்ணையும் சொல்லியிருந்தார்கள், யூனிகோடு 5.1.0, அதன் பின்வரும் மேம்பாடுகளும் சேர்த்து. இந்தப் பின்பாதி சின்ன விஷயம்போலத் தெரியும். அது இல்லாவிட்டால், பத்து வருஷம் கழித்தும் கம்பெனிக்காரர் பழைய பதிப்போடு நின்றுகொண்டு, ஒப்பந்தப்படி செய்துவிட்டேன் என்று சொல்லலாம்.

இந்த ஆதரவு, சேமிப்பு வித்தியாசத்தை ஒருநாள் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் அக்கா மகன் சிரித்தான். அவன் அமெரிக்காவில் மேரிலாந்தில் இருக்கிறான், அந்நாட்டு அரசு வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில். "மாமா, இங்கேயும் அதே கதைதான். எங்களுக்கு ஃபிப்ஸ்" என்றான். அந்நாட்டு அரசின் தகவல் செயலாக்கத் தரங்களுக்கு அந்தப் பெயர். மேரிலாந்திலேயே கெய்தர்ஸ்பர்க் ஊரில் உள்ள நிஸ்ட் என்ற அமைப்பு வெளியிடுகிறது. அதில் 140 என்ற எண்ணுள்ள தரம், தகவலைப் பூட்டி வைக்கும் மறையாக்கக் கருவிகளுக்கானது. அதை 1994-இலும் 2001-இலும் 2019-இலும் புதுப்பித்தார்கள். கம்பெனிகள் தங்கள் விளம்பரத்தில் இந்தத் தரத்துக்கு இணங்கியது என்று போட்டுக்கொள்ளும். இணங்கியது என்பதைச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம், தானே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தரத்தின்படி சரிபார்க்கப்பட்டது என்றால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் சோதித்து, சான்றிதழ் எண் கொடுத்து, நிஸ்ட் பட்டியலில் அது ஏறியிருக்க வேண்டும். "காண்ட்ராக்டில் எந்த வார்த்தை இருக்குங்கறதுதான் மாமா விஷயம். ஒரு வார்த்தைக்கு ஒரு வருஷ வேலையும் லட்சக்கணக்கில் டாலரும் வித்தியாசம் வரும்" என்றான்.

அங்கே முன்பெல்லாம் துறைத் தலைவர்கள் சில தரங்களிலிருந்து விலக்குக் கொடுத்துக்கொள்ள வழி இருந்ததாம். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது போயிற்று. நம்மூரில் விலக்குக்கு விண்ணப்பமே போட மாட்டார்கள், கோப்பில் குறிப்பிடாமல் விட்டுவிடுவார்கள். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் சொல்லித் தெரிந்துகொண்ட இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1968-இல் அமெரிக்க அரசு தேதியை எழுதுவதற்கு ஒரு தரம் போட்டது, ஃபிப்ஸ் வரிசையில் நான்காவது. அதில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம். முப்பது வருஷம் கழித்து உலகமே 2000-ஆம் ஆண்டுச் சிக்கல் என்று பயந்ததே, அதற்கு அரசுத் தரமே ஒரு காரணம். தரம் என்றாலே சரி என்று அர்த்தமில்லை, எல்லோரும் ஒரே மாதிரி செய்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பின்னால் அந்நாட்டுக் கொள்முதல் விதிகளில் 1997-இல், 2000-ஆம் ஆண்டுக்கு ஏற்றது என்றால் என்ன என்று இலக்கணமே எழுதிச் சேர்த்தார்கள். ஒரு நூற்றாண்டிலிருந்து மறு நூற்றாண்டுக்குப் போகும்போதும் தேதியைச் சரியாகக் கணக்கிட வேண்டும், லீப் வருஷக் கணக்கும் சரியாக வர வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வால். இதோடு சேர்ந்து வேலை செய்யும் மற்ற கருவிகள் தேதியை ஒழுங்காகப் பரிமாறிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் என்று. அந்த வாலைப் படித்ததும், கூட்டத்தில் எழுந்து நின்ற நம்ம ஊர்ப் பிரதிநிதி ஞாபகம் வந்தார். அங்கேயும் யாரோ ஒருவர் எழுந்து நின்றிருப்பார்.

என் இரண்டு பக்கத்துக்குத் திரும்புகிறேன். முழுதாக நிறைவேறவில்லை. நிறைவேறியதில் முக்கியமானது ஒப்படைப்புச் சோதனை. வழக்கமாக ஒப்பந்தம் முடியும் மாதத்தில்தான் தகவலை ஒப்படைப்பார்கள். அப்போது சண்டை போட்டு என்ன பயன், பணமெல்லாம் போயிருக்கும். முதல் தவணைப் பணத்துக்கு முன்பே ஒருமுறை ஒப்படைத்துக் காட்ட வேண்டும் என்று போட்டேன். நாங்கள் தரும் 200 பெயர்களை அவர்கள் ஆள் அடிக்க வேண்டும். அதை வெளியே எடுத்து, அவர்களுடைய மென்பொருளோ எழுத்துருவோ இல்லாத எங்கள் கணினி ஒன்றில் திறக்க வேண்டும். தமிழாகத் தெரிய வேண்டும், அகர வரிசையில் அடுக்க வேண்டும், தேடினால் கிடைக்க வேண்டும். அந்த 200-இல் கௌ, சௌ, மௌ எல்லாம் வேண்டுமென்றே நிறையச் சேர்த்தேன். கெளுத்தியும் சேர்த்தேன், ஊர்ப்பெயர் மாதிரி.

முதல் சோதனையில் அவர்கள் தேறவில்லை. கொகரத்தை ஓரிடத்தில் ஒரே குறியாகவும், இன்னோரிடத்தில் ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமித்திருந்தார்கள். யூனிகோடில் இரண்டும் செல்லும், இரண்டும் சமம் என்று அதன் விதியே சொல்கிறது. ஆனால் சேமிக்கும்போது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால்தான் தேடும்போது அகப்படும். அதையும் இணைப்பில் எழுதியிருந்ததால் வாதமில்லாமல் திருத்திக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை தேறிவிட்டது.

வெட்டப்பட்ட பத்திகளில் ஒன்று ஸ்ரீ பற்றியது. ஸ்ரீயை ஸ, ர இரண்டையும் சேர்த்துத்தான் முன்பு யூனிகோடில் எழுதினார்கள். 2005-இல் வந்த 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து சேர்ந்தது, அதிலிருந்து ஸ்ரீயை அதைக்கொண்டு எழுதுவதே முறை என்றார்கள். பழைய விசைப்பலகைகள் பழையபடியே அடிக்கின்றன, சில புதியவை புதியபடி. பல எழுத்துருக்களில் உருவம் ஒன்றே. ஆனால் கொகரத்தைப் போல இவை இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்வதில்லை. அதனால் தானாக ஒன்றாக்கவும் வழியில்லை, தேடும் மென்பொருளில் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கு இரண்டு வரி எழுதியிருந்தேன். பக்கம் அதிகமாகிறது என்று அடித்துவிட்டார்கள். ஸ்ரீதர்களும் ஸ்ரீனிவாசன்களும் நம் ஊரில் எத்தனை பேர் என்று அடித்தவர் யோசித்திருக்கலாம், அவர் பெயரே அதில் ஒன்று.

ஆகவே, ஓய்வூதியர் நண்பர்களே, வாழ்நாள் சான்றுக்கோ வேறு எதற்கோ போய், கவுண்டரில் இருக்கிற பிள்ளை "உங்க பேரு இல்லையே சார்" என்று சொன்னால் பதற வேண்டாம். பெயரைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்லாமல், ஓய்வூதியக் கொடுப்பாணை எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். வந்துவிடும். வந்ததும் திரையில் உள்ள பெயரைப் பார்க்காமல், அந்தப் பிள்ளையையே பெயரை ஒருமுறை அழித்துவிட்டுப் புதிதாக அடித்துச் சேமிக்க அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், பெயரில் ஔகாரமோ ஸ்ரீயோ இருக்கிறவர்கள் அவசியம்.